நட்டது எத்தனை, நின்றது எத்தனை?

இந்த மாதப் பாடம்: ஒரு சுற்றுச்சூழல் தொண்டுக் குழுவின் ஓராண்டு வேலை



நமது செய்தி மடலில் வழக்கமாகச் சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, தணிக்கை என்று பாடம் படிக்கிறோம். இந்த மாதம் மரம் பற்றியும் தண்ணீர் பற்றியும் படிக்கப் போகிறோம். "மரம் நடுங்கன்னு எல்லாரும்தான் சொல்றாங்க, இதுல பாடம் என்ன இருக்குது?" என்று சிலர் கேட்கலாம். ஒரு தொண்டுக் குழு வருடம் முழுக்க என்னென்ன வேலை செய்தால் நட்ட மரம் நிற்கும் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

பல ஊர்களில் நடப்பது நமக்குத் தெரியும். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் வரும். வண்டியில் கன்று வந்து இறங்கும். நட்டாச்சு, போட்டோ எடுத்தாச்சு, டீ குடிச்சாச்சு, கலைஞ்சு போயாச்சு. ஆடிக் காற்றில் கொஞ்சம் சாயும். ஆடு கொஞ்சம் கடிக்கும். அடுத்த சித்திரை வெயிலில் மிச்சமும் கருகும். மறு வருடம் அதே குழியில் இன்னொரு கன்று. இதில் செலவு போனதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. "இவங்க நட்டா எங்க நிக்கப் போகுது" என்று ஊர் பேசத் தொடங்கிவிட்டால், அப்புறம் நல்ல வேலைக்கும் ஆள் வராது. வங்கியில் ஒரு குழுவுக்குப் பேர் கெட்டால் அதைத் திரும்ப எடுப்பது எவ்வளவு பாடு என்று நமக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான்.

இந்தப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம். கடைசியில் கேள்விகள் தந்திருக்கிறோம்.

1. நம் ஊருக்கு இதில் என்ன அக்கறை?

கணியூர் அமராவதி ஆற்றுப் பாசனத்தில் உள்ள ஊர். மலையடிவாரத்தில் 1957இல் கட்டி முடித்த அமராவதி அணையில் இருந்து வரும் தண்ணீர் கல்லாபுரம், குமரலிங்கம், கொழுமம் தாண்டி நம் பக்கம் வருகிறது. பிறகு கடத்தூர், தாராபுரம், கரூர் வழியாகப் போய்க் காவிரியில் சேருகிறது. கடத்தூரில் ஆற்றங்கரையில் இருக்கும் சிவனுக்கு அர்ச்சுனேசுவரர் என்று பேர். அர்ச்சுனம் என்றால் மருத மரம். இந்தக் கரையில் மருதமும் ஆறும் எப்படிச் சேர்ந்தே இருந்தன என்பதைச் சாமியின் பேரே சொல்கிறது.

நம் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. ஜூன், ஜூலையில் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை நமக்குப் பெரும்பாலும் காற்றாகத்தான் வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் கிணறு ஊற வேண்டும். மரம் இல்லாத கரையும், தூர்ந்து போன குட்டையும், பிளாஸ்டிக் அடைத்த வாய்க்காலும் இருந்தால் அந்த மழையும் நிற்காமல் ஓடிவிடும். அப்புறம் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரமாகப் போவது யார்? நாம்தான்.

இன்னொரு அக்கறையும் உண்டு. நம் வீட்டுப் பெண்கள் பலர் பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் வேலைக்குப் போகிறார்கள். திருப்பூர் தொழில் நமக்குச் சோறு போடுகிறது. அதே தொழிலின் சாயத் தண்ணீர் நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்பதையும் மறக்க முடியாது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியது. கீழ்ப் பகுதி விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் சாய, சலவை ஆலைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. எத்தனையோ குடும்பங்களுக்கு அப்போது வேலை நின்றது. கரூரில் நம் அமராவதிக்கும் சாயக் கழிவால் கெடுதல் வந்திருக்கிறது.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்று. தண்ணீர் கெட்டால் முதலில் விவசாயம் போகும். பின்னாலேயே கம்பெனி வேலையும் போகும். பொழப்பு வேறு, சுற்றுச்சூழல் வேறு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

2. நம் மாவட்டத்தில் நடக்கும் இரண்டு வேலைகள்

முதலாவது, வனத்துக்குள் திருப்பூர். வெற்றி அமைப்பு 2015இல் இதைத் தொடங்கியது. முதல் வருட இலக்கு 1 லட்சம் கன்று. அதோடு நிற்காமல் ஒவ்வொரு வருடமும் வனத்துக்குள் திருப்பூர் 2, 3, 4 என்று எண் போட்டுக்கொண்டே போகிறார்கள். மொத்தம் 10 லட்சம் கன்றுகளை எப்போதோ தாண்டிவிட்டது. உடுமலை, மடத்துக்குளம் பக்கமும் நட்டிருக்கிறார்கள்.

இவர்கள் வேலை செய்யும் முறையைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் விவசாயிகளின் சொந்த நிலத்தில் நடுகிறார்கள். தண்ணீர் வசதி இருக்கிறதா, ஆடு மாடு வராமல் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கன்று கொடுக்கிறார்கள். கன்று இலவசம், ஆனால் வளர்க்கும் பொறுப்பு நிலத்துக்காரருக்கு. கடன் கொடுக்கும் முன்னால் நாம் என்ன கேட்போம்? "எதுக்குக் கடன், எப்படிக் கட்டுவீங்க?" என்று கேட்போம் அல்லவா? அதே மாதிரிதான்.

இரண்டாவது, நஞ்சராயன் குளம். திருப்பூரில் இருந்து ஊத்துக்குளி போகும் பக்கம், சர்க்கார் பெரியபாளையம் அருகே இருக்கிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் நஞ்சராயன் என்ற மன்னர் இதைச் செப்பனிட்டதால் இந்தப் பேர் வந்தது என்கிறார்கள். பரப்பு சுமார் 126 ஹெக்டேர். நல்லாற்றின் மழைத் தண்ணீர் இதில் சேரும். நகரம் நெருக்கி வந்த இந்தக் குளத்தில் எத்தனை பறவை வருகிறது என்று திருப்பூர் இயற்கைக் கழகம் போன்ற அமைப்புகளின் ஆர்வலர்கள் விடிகாலையில் போய் நின்று எண்ணினார்கள், எழுதினார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில். 191 வகைப் பறவைகள், 87 வகை வண்ணத்துப்பூச்சிகள் இங்கே பதிவாகியுள்ளன. 2022இல் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. இது மாநிலத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளுக்கான பட்டியல் அது.

இந்த இரண்டு வேலைகளிலும் பொதுவாக இருப்பது என்ன? ஒன்று, வருடா வருடம் விடாமல் செய்தது. இரண்டு, கணக்கு எழுதியது. நாம் சங்கத்தில் படித்த பஞ்ச சூத்திரத்திலும் இவைதானே இருக்கின்றன? தவறாமல் கூட்டம், பதிவேடு. அப்படியானால் பாதிப் பாடம் நமக்கு முன்னமே தெரிந்ததுதான்.

3. மாதவாரி வேலை

மரம் நடுவது வருடத்தில் சில நாள் வேலை. மற்ற நாட்களில் என்ன செய்வது என்பதை நம் பகுதிக்கு ஏற்றபடி கீழே தருகிறோம்.

தை: கணக்கெடுப்பு மாதம். போன வருடம் நட்ட கன்றில் எத்தனை நிற்கிறது என்று நடந்து போய் எண்ண வேண்டும். பொங்கல் விடுமுறையில் குட்டை, வாய்க்கால், ஆற்றங்கரையில் பறவைகளையும் எண்ணலாம். 2015 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போனால் பேர் எழுதுவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கொக்கு, நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி நமக்கே தெரியும்.

மாசி, பங்குனி: விதை சேகரிப்பு. புளி இப்போது உலுக்குவார்கள். மருதத்தின் காய் சிறகு வைத்த மாதிரி இருக்கும். மரத்தடியில் பொறுக்கி, சில நாள் தண்ணீரில் ஊற வைத்துப் போட வேண்டும். முளைக்கத் தாமதமாகும், அவசரப்பட்டுக் கொட்டிவிடக் கூடாது. புங்கன் நெற்றும் வெயில் காலத்தில் கிடைக்கும்.

சித்திரை, வைகாசி: தண்ணீர் ஊற்றும் மாதம். வருடத்தில் இதுதான் கஷ்டமான வேலை, இதுதான் முக்கியமான வேலை. அடுத்த மழைக்கான குழியையும் இப்போதே எடுத்துப் போட்டால் மண் வெயிலில் காய்ந்து நோய்ப் பூச்சி குறையும். குழி 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம். மேல் மண்ணை ஒரு பக்கமும் அடி மண்ணை மறு பக்கமும் போட வேண்டும். நடும்போது மேல் மண் அடியில் போக வேண்டும்.

ஆனி, ஆடி: வேப்பம்பழம் விழும் காலம். வேப்ப விதைக்கு ஆயுள் குறைவு. இரண்டு, மூன்று வாரத்தில் முளைப்புத் திறன் போய்விடும். பொறுக்கினதும் சதை கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே பையில் ஊன்ற வேண்டும். செம்மண், மணல், மக்கின தொழு உரம் மூன்றும் கலந்து பை நிரப்பலாம். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் அடிக்கிற அடி தெரியும். அதனால் சின்னக் கன்றுக்குக் குச்சி ஊன்றி, பழைய துணிக் கிழிசலால் தளர்வாகக் கட்ட வேண்டும். நைலான் கயிறு தண்டை அறுத்துவிடும். பனியன் வேஸ்ட் துணி இதற்கு நன்றாக உதவும்.

ஆவணி, புரட்டாசி: பனங்கொட்டை மாதம். பனை நம் மாநில மரம். கொட்டையைக் குட்டைக் கரையிலும் வரப்பிலும் ஊன்றி மண் மூடினால் போதும்; தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஆட்டுக்கும் பெரிதாகப் பயமில்லை. முதலில் வேர்தான் கீழே போகும், இலை பிறகுதான் வரும். முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்க்கக் கூடாது. வளர்ந்து பலன் தரப் பல வருடம் ஆகும். ஆனால் கரையை வேர் பிடித்துக்கொள்ளும்.

ஐப்பசி: நடவு. நம் பகுதிக்கு ஜூனைவிட இதுதான் தோதான காலம். வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்துவிட்டால் வெயில் காலத்தைத் தாங்க கன்றுக்கு நான்கைந்து மாதம் கிடைக்கும். பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுத்துவிட்டு நட வேண்டும். பையோடு நட்ட கன்று ஒரு வருடம் பச்சையாக நின்று ஏமாற்றும், பிறகு வேர் சுருண்டு சாகும். எடுத்த பைகளை எண்ணிச் சாக்கில் போட்டால் எத்தனை நட்டோம் என்பதற்கும் அதுவே சாட்சி.

கார்த்திகை, மார்கழி: விழுந்த கன்றுக்கு மாற்றுக் கன்று நடுதல், களை எடுத்தல், வாய்க்காலில் அடைத்த பிளாஸ்டிக்கை எடுத்தல். ஈரம் இருக்கும்போது சீமைக் கருவேலக் கன்றுகளை வேரோடு பிடுங்குவது சுலபம். காய்ந்த பிறகு கடப்பாறை வேண்டும்.

4. தண்ணீர்க் கணக்கு

கன்று வாங்கும் முன்னால் இந்தக் கணக்கைப் போட வேண்டும். ஒரு குழுவில் 15 பேர். 150 கன்று நடலாம் என்று பேசுகிறோம். ஒருவருக்கு 10 கன்று பொறுப்பு.

கோடையில் ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 10 லிட்டர், வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் 20 லிட்டர். 10 கன்றுக்கு வாரம் 200 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் 13, 14 குடம். அதாவது ஒரு நாளைக்கு 2 குடம். பங்குனி தொடங்கி மழை வரும் வரை 12 வாரம் என்று வைத்தால் ஒருவர் 2,400 லிட்டர் ஊற்ற வேண்டும். குழு மொத்தம் 36,000 லிட்டர்.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, "150 வேண்டாங்க, 60 போதும்" என்று குழு முடிவு செய்தால் அது நல்ல முடிவு. 150 நட்டு 40 நிற்பதைவிட, 60 நட்டு 50 நிற்பது மேல்.

தண்ணீரைக் குறைக்க வழி உண்டு. கன்றைச் சுற்றிக் கரும்புச் சோகை, தேங்காய் மட்டை, தென்னை ஓலை பரப்பினால் ஈரம் காயாது. இவை நம் பகுதியில் காசில்லாமல் கிடைக்கும். பழைய மண்பானையின் அடியில் சின்ன ஓட்டை போட்டு, துணித் திரி செருகி, கன்றுக்குப் பக்கத்தில் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பினால் சொட்டுச் சொட்டாக வேருக்குப் போகும். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாய்க்கால் போட்டு வீட்டோரக் கன்றுக்கு விடலாம்.

5. யார் செய்வது, யாருக்குச் சொந்தம்?

தொண்டு என்றால் கூலி இல்லாத வேலை. கூலி இல்லாத வேலை நமக்குப் புதிதா? சமையல், தண்ணீர், மாட்டுக்குத் தீவனம், பிள்ளை, பெரியவர்கள், கம்பெனி வண்டி வருவதற்குள் ஓட்டம். இதற்கு மேல் "சங்கத்துப் பொம்பளைங்க பார்த்துக்குவாங்க" என்று ஊர் வேலையையும் நம் தலையில் கட்டினால், அது நம்மை மதிப்பது ஆகாது. அதனால் வேலையை எடுக்கும் முன்பே இவற்றைப் பேசித் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும்.

• குழி எடுப்பதும் வேலி கட்டுவதும் யார்? இளைஞர் மன்றம், வீட்டு ஆண்கள் பங்கு எவ்வளவு?
• சொந்த நிலத்தில் நட்டால் தண்ணீர் நிலத்துக்காரர் பொறுப்பு என்று முன்பே பேசியாச்சா?
• வேலைக்குப் போகும் உறுப்பினருக்குத் தோதான வேலை என்ன? தண்ணீர் ஊற்ற முடியாதவர் பதிவேடு எழுதலாம், ஞாயிற்றுக்கிழமை எண்ணப் போகலாம்.
• ஊக்குநர், பிரதிநிதி இரண்டு பேர் தலையில் மட்டும் எல்லாம் விழுகிறதா?

அடுத்தது சொந்தம் பற்றி. பொது இடத்துப் புளிய மரத்தின் மகசூலை ஏலம் விடுவது நமக்குத் தெரியும். நாம் வளர்க்கும் மரத்தின் காய் யாருக்கு? பேரூராட்சி இடம், நெடுஞ்சாலைத் துறை இடம், ஆற்றங்கரை என்று எங்கே நட்டாலும் முதலில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். பலன் பற்றியும் அந்தக் கடிதத்திலேயே கேட்டு எழுத்தில் பதில் வாங்கலாம். சொந்த நிலத்தில் சந்தனம் வளர்த்தாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நிலம் கணவர் பேரில் இருந்து, தண்ணீர் சுமந்தது நாமாக இருந்தால், மரம் விற்கும் நாளில் நம் பேச்சு எடுபடுமா என்று வீட்டில் இப்போதே பேசி வைப்பதும் தப்பில்லை.

ஆடும் நம்முடையதுதான். கன்றைக் கடிக்கிற ஆடு பெரும்பாலும் உறுப்பினர் வீட்டு ஆடாகத்தான் இருக்கும். அதனால் மேய்ச்சல் வழியில் நடாதீர்கள். நட்டே ஆக வேண்டும் என்றால், ஆடு அவ்வளவாக விரும்பாத புங்கனை வெளி வரிசையில் வைத்து, முள் கொப்பு வெட்டி வேலி கட்டுங்கள். தீவனத்துக்கென்று அகத்தியும் சூபாபுலும் வீட்டோரத்தில் தனியாக வளர்த்தால் சண்டையே வராது.

6. பதிவேடு: இந்த வேலையின் உயிர்

ஒரு 80 பக்க நோட்டுப் போதும். இப்படிக் கட்டம் போடுங்கள்: வரிசை எண், மரத்தின் பேர், நட்ட இடம், நட்ட தேதி, பொறுப்பாளர் பேர். பிறகு 3ஆம் மாதம், 12ஆம் மாதம், 24ஆம் மாதம், 36ஆம் மாதம் என்று நான்கு கட்டம். அதில் நிற்கிறது அல்லது இல்லை என்று மட்டும் எழுத வேண்டும். கடைசிக் கட்டம் மிக முக்கியம்: போனதற்குக் காரணம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 60 கன்று நட்டதில் 12ஆம் மாதம் 36 நிற்கிறது. நூற்றுக்கு 60. போனது 24. காரணம் பார்த்தால் ஆடு 12, தண்ணீர் இல்லாமை 7, காற்று 3, பை எடுக்காதது 2. இப்போது அடுத்த வருட வேலை தானாகத் தெரிகிறது. முதலில் வேலி, பிறகுதான் கன்று. இந்தக் கட்டம் இல்லாமல் இருந்தால் "மண்ணு சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம்.

கன்று செத்ததை மறைத்து எழுதுவது, தவணை கட்டாத உறுப்பினருக்குக் கட்டியதாக எழுதுவது போன்றது. ஒரு வருடம் தப்பிக்கலாம், குழு கெட்டுவிடும். பொறுப்பாளரைத் திட்டவும் இந்த நோட்டைப் பயன்படுத்தக் கூடாது. திட்டினால் அடுத்த தடவை யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.

7. நம்மைப் போன்ற பெண்கள் செய்து காட்டியது

ஆப்பிரிக்காவில் கென்யா என்றொரு நாடு. அங்கே கிராமத்துப் பெண்கள் விறகுக்கும் தண்ணீருக்கும் தூரம் நடந்தார்கள். வாங்காரி மாத்தாய் என்ற பெண்மணி 1977இல் அவர்களைச் சேர்த்துப் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். பெண்கள் குழுவாகச் சேர்ந்து நாற்றங்கால் போட்டார்கள். பிழைத்து நின்ற கன்றுக்கு மட்டும் சிறு தொகை கொடுக்கப்பட்டது. நட்டதற்கு இல்லை, நின்றதற்குக் காசு. அதனால் கன்றைக் காப்பாற்றுவதில் ஒவ்வொருவருக்கும் அக்கறை வந்தது. கோடிக்கணக்கில் மரங்கள் வளர்ந்தன. 2004இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 2011இல் காலமானார்.

பக்கத்தில் கர்நாடகாவில் சாலுமரத திம்மக்கா. பள்ளிக்கூடம் போகாதவர், கூலி வேலை செய்தவர். குழந்தை இல்லாத அவரும் கணவரும் ஹுலிகல், குதூர் ஊர்களுக்கு இடையே சாலையோரம் ஆலங்கன்றுகளை நட்டு, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி, முள் வேலி கட்டி வளர்த்தார்கள். 385 ஆல மரங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். கன்னடத்தில் சாலுமரம் என்றால் வரிசை மரம். அதுவே அவர் பேருக்கு முன்னால் சேர்ந்துவிட்டது. 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2025 நவம்பரில் காலமானார். அவர்கள் முதல் வருடம் நட்டது சில கன்றுகள்தான். அவற்றை நிற்க வைத்த பிறகு அடுத்த வருடம் மேலும் சில. இப்படித்தான் அந்த வரிசை நீண்டது.

8. குழுக் கூட்டத்தில் பேச வேண்டிய கேள்விகள்

1. கடந்த 3 வருடங்களில் நம் தெருவில் நட்ட கன்றுகள் எங்கெங்கே? இன்று எத்தனை நிற்கின்றன?
2. போனவற்றுக்கு முக்கியக் காரணம் எது? ஆடா, தண்ணீரா, காற்றா, கவனிப்பா?
3. நம் குழு ஒரு கோடைக்கு எத்தனை கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற முடியும்? கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.
4. எந்த இடத்தில் நடலாம்? அந்த இடம் யாருக்குச் சொந்தம்? யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?
5. வீட்டு ஆண்களும் இளைஞர்களும் எந்த வேலையை எடுத்துக்கொள்வார்கள்?
6. நம் ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்: ஆற்றங்கரையிலும் குட்டைக் கரையிலும் முன்பு என்னென்ன மரங்கள் இருந்தன? அந்தப் பட்டியலில் இருந்தே நம் கன்றுகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

9. உடனே செய்ய வேண்டியது

இப்போதே கன்று வாங்க ஓட வேண்டாம். முதல் வேலை எண்ணுவது. அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு உறுப்பினர்கள் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு தங்கள் தெரு, பள்ளிக்கூடம், கோயில், குட்டைக் கரை வரை நடந்து வாருங்கள். முன்பு யார் நட்டிருந்தாலும் பரவாயில்லை. நிற்கும் கன்றை எண்ணுங்கள். காலிக் குழியையும் எண்ணுங்கள். ஏற்கனவே நிற்கிற கன்றுக்கு இந்தக் கோடையில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுவது, புதிதாக நடுவதைவிடச் செலவு குறைந்த வேலை.

எண்ணி வந்த கணக்கைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நின்றது குறைவாக இருந்தாலும் அப்படியே கொண்டு வாருங்கள். எல்லாக் குழுக்களின் கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்துத்தான் வரும் ஐப்பசியில் எங்கே, எத்தனை, எந்த மரம் நடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.